நான்காவது வரைவு

பத்திரம் எழுதுகிற கை என்பதால்
சபை விதிகளையும் என்னிடமே தள்ளினார்கள்.
பழக்கதோஷம், சக்குபந்தியில் ஆரம்பித்தேன்:
அரிசி ஆலைக்கு மேற்கு,
புதுவயல் மெயின் ரோட்டுக்குக் கிழக்கு,
வக்கீலுக்குத் தெற்கு, கடவுளுக்கு வடக்கு,
இதற்குள்பட்ட ஆலயமும் ஹாலும்.
கமிட்டியில் யாரும் சிரிக்கவில்லை.

விதி ஒன்று, தரை பற்றியது.
ஆத்தங்குடிக் கல்லைக் காணிக்கை தந்தவர் பெயர்
ஹால் சுவரில் இருக்கிறது.
அந்தக் கல்லில் ரசக் குண்டானோடு வழுக்கியவர் பெயர்
நோட்டீஸில் இருக்கிறது:
சமையல் மாஸ்டர் பிச்சை, இடுப்பெலும்பு, நாலரை லட்சம்.
‘வழுக்கி விழுந்தால் சபை பொறுப்பல்ல’
என்று போர்டு மாட்டினோம்.
தேவகோட்டை வக்கீல் வயிரவன் பார்த்த உடனே கழற்றச் சொன்னார்.
“வழுக்கும்னு முன்னாடியே தெரியும்னு
நீங்களே எழுதித் தொங்கவிட்டிருக்கீங்களே.”
போர்டு இப்போது ஜெனரேட்டருக்கு மழைத் தகடு.
தரைக்கு முப்பத்தாறு மீட்டர் சணல் விரிப்பு.

விதி மூன்று, திருமணம்.
மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும்.
முன்பும் இருந்தது, வாசித்தோம்.
தடை அறிந்தவர் சொல்லலாம் என்றோம்,
மின்விசிறி மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.
தடை, தொண்டியிலிருந்து பஸ் ஏறி
நாலாவது ஞாயிறு வந்தது,
இடுப்பில் பிள்ளையோடு, முதல் மனைவியாக.
ஆயர் ஏசுவடியான் காரைக்குடிக் கோர்ட்டுக்குப்
பதினொரு வாய்தா போனார்.
அங்கி இல்லாமல் அவர் எவ்வளவு ஒல்லி
என்று அப்போதுதான் தெரிந்தது.
கோர்ட்டில் கேட்டது ஒரே கேள்வி:
“ஓலையை யாருக்கு வாசித்தீர்கள்?”
இனி மாப்பிள்ளை ஊரிலும் வாசிக்க வேண்டும்.
வயதுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம்,
அந்த ஊர்ப் போதகர் முத்திரை.
அன்பு என்ற சொல்லை இரண்டு இடத்தில் அடித்தேன்,
வரையறை கேட்பார்கள்.

ஏழாம் விதியில்தான் மாட்டிக்கொண்டேன்.
அங்கத்தினர் அல்லாதார்க்கு ஹால் தரப்படாது.
முன்பணம் இன்றிச் சாவி தரப்படாது.
இரவு பத்துக்கு மேல் எதற்கும் தரப்படாது.
மூன்று ‘படாது’, வாசிக்க நன்றாகவே இருந்தது.
நிறைவேறி ஒன்பதாம் நாள்,
ஐப்பசி மழை, இரவு பதினொன்றரை.
ஆலையில் மூட்டை சரிந்து போனவன்,
பாட்னாவுக்கும் அப்பால் எங்கோ ஊர்.
பெரியாஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்கள்,
மதுரையில் விமானம் மறுநாள்.
தங்கியிருந்த தகரக் கொட்டகையில் முழங்கால் தண்ணீர்.
கோயில்பிள்ளை மாசிலாமணி
ஹாலைத் திறந்திருக்கிறார்.
சாவிப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை.
சணல் விரிப்பின் மேல் ஐஸ் பெட்டி,
சுற்றி ஆறு பேரின் ஈரக் கால்.
விடியும்வரை ஒருவரும் வழுக்கவில்லை.

மாசிலாமணிக்கு மெமோ கொடுக்கணும் என்றார்
பொருளாளர் ஜெபராணி டீச்சர்.
சொல்லிவிட்டு, அந்த ராத்திரி
பிளாஸ்கில் டீ அனுப்பியதும் தான்தான் என்றார்,
மினிட்ஸில் அதை எழுத வேண்டாமாம்.
வயிரவனுக்குப் போன் போட்டேன்.
சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அப்பளம் நொறுங்கிற்று.
“திறந்தது இருக்கட்டும். எழுதாம திறந்ததுதான் வம்பு.
ரசீது போடுங்க.”
“எவ்வளவுக்கு?”
நீளமாக ஒரு மௌனம். மோர் ஊற்றுகிற சத்தம்.

ரசீது எண் 41.
யாரிடமிருந்து: ஆறு பேர், பெயர்கள் பின்பக்கம், இந்தியில்.
எதற்காக: ஒரு இரவு.
பெறப்பட்டது: ரூபாய் பூஜ்யம் மட்டும்.
அந்த ‘மட்டும்’ உறுத்தியது, அடித்தேன்.
பிறகு மறுபடி எழுதினேன்.
முப்பது வருஷத் தொழில்.
அதை விட்டுவிட்டால்
பின்னால் யாராவது
ஏதாவது சேர்த்துவிடுவார்கள்.